கழுநீரோடு போனது

சென்னை,
14 மார்ச் 1965

அன்புள்ள மக்தலேனா அக்காவுக்கு,

அமிர்தநாதன் எழுதிக்கொள்வது. நானும் குழந்தை தங்கமும் ஆண்டவர் தயவால் சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறோம். இராஜகுமாரி காலமான தந்தி போன ஆகஸ்டிலேயே கிடைத்தது. பதில் எழுதக் கை வரவில்லை. அவள் ஆன்மா இளைப்பாற இங்கே கோவிலில் பூசை வைத்தேன். உங்களுக்குத் தங்கை, எனக்கு மனைவி. இழப்பு இருவருக்கும் ஒன்றுதான்.

நிற்க.

ரங்கூனில் நாம் சேர்ந்து செய்த சோதனையை இங்கே புதிய ஆராய்ச்சி நிலையத்தில் மறுபடி தொடங்கியிருக்கிறேன். நினைவிருக்கும். பி.சி.ஜி. ஊசி போட்ட கினிப்பன்றியின் வயிற்றறையிலிருந்து மாக்ரோபேஜ்களை, அதாவது விழுங்குவதே தொழிலான அந்தப் பெரிய அணுக்களை, எடுத்துக் கண்ணாடித் தட்டில் ஒட்டவிட்டுக் காசக் கிருமியைக் கொடுத்தோம். அவை கிருமியை விழுங்கிக் கொன்றன. ஊசி போடாத பன்றியின் அணுக்களோ விழுங்கின, கொல்லவில்லை. ஊசி இந்தப் பெரிய அணுவையே மாற்றிவிடுகிறது என்று நான் சொல்லிவந்தது உங்களுக்குத் தெரியும்.

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஜெர்மன் மைக்ராஸ்கோப். குழாயில் பகல் முழுக்கத் தண்ணீர். பன்றிகளுக்குத் தனி அறை. ஆனால் அக்கா, ஊசி போட்ட பன்றியின் அணுவும் இங்கே கிருமியை விழுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. உள்ளே போன கிருமி சாகாமல் பெருகுகிறது. நான் ஒவ்வொரு தட்டையும் மூன்று முறை கழுவுகிறேன். தூசி தும்பு இல்லை. ரசாயனங்களை இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

அங்கே தட்டுகளைத் தயாரித்தது நீங்கள். உங்கள் கையில் ஏதோ ஒரு பக்குவம் இருந்திருக்க வேண்டும். அது என்ன என்று எழுதி உதவ வேண்டும். டிசம்பரில் டெல்லியில் மாநாடு. அங்கே இதைக் காட்டினால்தான் துறைத் தலைவர் பதவி எனக்கு உறுதி. இல்லாவிட்டால் பர்மாவிலிருந்து ஓடிவந்த இன்னொரு ஆள் என்ற பெயரோடு ஓய்வு பெற வேண்டியதுதான்.

தங்கம் கன்னியர் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அம்மா போனதைப் பக்குவமாகச் சொல்லிவிட்டேன். தைரியமாக ஏற்றுக்கொண்டாள். தமிழ் எழுத இன்னும் திணறுகிறாள். பெரியம்மாவுக்கு நானும் எழுதுவேன் என்று அடம் பிடித்ததால் கீழே இடம் விட்டிருக்கிறேன். பர்மியத்தில்தான் எழுதுகிறாள். அந்த எழுத்து எனக்கு வெறும் வட்டங்கள்தான் என்பது நீங்கள் அறிந்ததே.

உங்கள் உதவியை நாடும்,
அமிர்தநாதன்


ரங்கூன்,
2 ஏப்ரல் 1965
அனுப்புவதற்கு அல்ல

அமிர்தநாதா,

இந்தக் கடிதம் உனக்கு வராது. உனக்கு வர வேண்டியதை நாளைக்கு நல்ல தாளில், நல்ல வார்த்தைகளில் எழுதுவேன். இன்றைக்கு வாயில் வருவதைக் கொட்டிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

என் தங்கையின் சாவுக்கு நான்கைந்து வரி. அப்புறம் ஒரு ‘நிற்க’. அப்புறம் பக்கம் பக்கமாகக் கினிப்பன்றி. இழப்பு இருவருக்கும் ஒன்றுதானாம்! உனக்கு வெட்கமே கிடையாதா?

துறைமுகத்தில் அன்றைக்கு டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “இந்தம்மா ஏற முடியாது” என்றார். நீ ஒரு நிமிஷம் நின்றாய். “அடுத்த கப்பலுக்கு ஏற்பாடு பண்றேன் குமாரி” என்று சொல்லிவிட்டுத் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனாய். திரும்பிப் பார்த்தாயா என்று அவள் என்னிடம் கேட்டாள். பார்த்தார் என்று சொன்னேன். நீ பார்க்கவில்லை.

காசநோய்க்காரி என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் சாமானைத் தெருவில் வைத்துவிட்டார். நான் இருப்பது ஒற்றை அறை விடுதி, நோயாளியை உள்ளே விடமாட்டார்கள். கடையை அரசாங்கத்திடம் பறிகொடுத்துவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் போய் உட்கார்ந்திருந்த கமால் பாய்தான் பின்கட்டைக் கொடுத்தார். அவர் மனைவி நபீஸா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான் தினமும் வேலை முடிந்து படகில் போய் வந்தேன். அங்கிருந்து பார்த்தால் எதிரே துறைமுகம். சங்கு ஊதினால் குமாரி தலையைத் தூக்குவாள். “இதுவா அக்கா?” என்பாள். இது இல்லை, அடுத்தது என்பேன். ஆகஸ்டில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வலி.

இப்போது உன் கடிதத்தின் அடியில் உன் மகள் எழுதியிருப்பதைக் கேள். உன்னால் படிக்க முடியாததால், அம்மாவுக்கு அவள் சொல்லும் ‘அமே’யை மட்டும் அப்படியே விட்டுத் தமிழில் சொல்கிறேன். “பெரியம்மா, அமேவுக்கு இருமல் நின்றதும் கப்பலில் ஏற்றிவிடுங்கள். தனக்கா கட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அரைக்கிற கல் அமேயிடம் இருப்பதால் நான் இன்னும் முகத்தில் பூசிக்கொள்ளவில்லை.”

பக்குவமாகச் சொல்லிவிட்டாயாம். தைரியமாக ஏற்றுக்கொண்டாளாம். நீ பொய் எழுதிய தாளிலேயே, உன் கையெழுத்துக்குக் கீழேயே, அந்தப் பிள்ளை அது பொய் என்று எழுதியிருக்கிறது. நீயே தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய். பன்னிரண்டு வருஷம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றாய். அதன் எழுத்தைக் கற்றுக்கொள்ள உனக்கு மனசு வரவில்லை. பேரம் பேசுகிற அளவுக்குப் பேச்சு வந்தால் போதும் என்று இருந்தாய்.

உன் தட்டு ஏன் கொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கடிதத்தைப் பாதி படிக்கும்போதே தெரிந்துவிட்டது. நீ கழுவுகிறாய், அவ்வளவுதான்.

பன்றியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நீரில் பெரிய அணு மட்டுமா இருக்கிறது? சின்ன அணுவும் இருக்கிறது. லிம்போசைட். பெரியது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சின்னது ஒட்டாமல் மிதக்கும். இங்கே நம் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். அதனால் நான் ஒரு தடவை லேசாக அலசிவிட்டு வைத்துவிடுவேன். சின்ன அணுக்களில் பாதி தட்டிலேயே தங்கிவிடும். “என்ன அக்கா, கழுநீரையும் சேர்த்து வைக்கிறீங்க” என்று நீ மூக்கைச் சுளிப்பாய். அந்தக் கழுநீர்தான் வேலையைச் செய்தது. நீ போன பிறகு நான் தனித்தனியாக வைத்துப் பார்த்துவிட்டேன். பெரியது மட்டும் இருந்தால் கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சின்னது மட்டும் இருந்தால் கிருமியின் பக்கமே போகாது. இரண்டும் ஒரே தட்டில் இருந்தால், சின்னது கிருமியை அடையாளம் கண்டு என்னவோ சொல்கிறது, பெரியது வெறி பிடித்ததுபோல் எழுந்து கொல்கிறது. என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சொல்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

உனக்கு அது வெறும் கழுநீர். சின்னதாக, சத்தமில்லாமல், உன்னோடு ஒட்டாமல் எது இருந்தாலும் கழுவி ஊற்றிவிட்டு நடப்பது உன் பழக்கம். குமாரியையும் அப்படித்தான் ஊற்றினாய்.

உனக்கு நான் உதவி செய்யப் போகிறேன் அமிர்தநாதா. இன்னும் நன்றாகக் கழுவச் சொல்லப் போகிறேன். கழுவிக் கழுவி டெல்லி வரைக்கும் போ.


ரங்கூன்,
3 ஏப்ரல் 1965

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்களும் தங்கமும் சுகமாக இருப்பதில் மனத்துக்கு ஆறுதல். குமாரியை நினைத்துப் பூசை வைத்ததற்கு நன்றி. அவளுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்.

சோதனை விஷயம். என் கையில் பக்குவம் எதுவும் இல்லை. இருந்தது உங்கள் யோசனை, என் கை வெறும் கைதான். ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். இங்கே தண்ணீர்ப் பஞ்சத்தில் தட்டுகளைச் சரியாகக் கழுவ முடியாதது எனக்கு எப்போதும் ஒரு குறை. உங்களுக்கு அந்தக் குறை இல்லை. மூன்று முறை போதுமா என்று யோசியுங்கள். ஐந்து முறை கழுவிப் பாருங்கள். கடைசிக் கழுவலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஒரு சின்ன அணுகூட மிதக்கக் கூடாது. பெரிய அணுக்கள் மட்டும் தனியாக, சுத்தமாக இருக்க வேண்டும். நீங்கள் சொல்லிவந்தது சரியென்றால் அவை தாங்களாகவே கொல்லும்.

இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர்த் திருவிழா வருகிறது. நம் விலங்குக் கூடத்துக்கு த்வாண்டேயிலிருந்து புதுச் சட்டிகள் வாங்கியிருக்கிறோம். பழையதையெல்லாம் பன்றிகள் உருட்டி உடைத்துவிட்டன.

தங்கம் எழுதியது எனக்கு மிகவும் சந்தோஷம். ஒவ்வொரு கடிதத்திலும் அவளுக்கு இடம் விடுங்கள். பர்மியத்திலேயே எழுதட்டும், கையெழுத்து மறக்காமல் இருக்கும். நானும் அவளுக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருக்கிறேன். தனக்கா பற்றிய பெண்கள் சமாச்சாரம். மறக்காமல் காட்டுங்கள்.

என்றும் அன்புள்ள,
மக்தலேனா


சென்னை,
19 ஜூலை 1965

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஐந்து முறை கழுவினேன். தட்டு கண்ணாடிபோல் இருந்தது, பெரிய அணுக்களைத் தவிர ஒன்றும் இல்லை. முன்பாவது அங்கங்கே சில கிருமிகள் செத்துக் கிடந்தன. இப்போது அதுவும் இல்லை. ஊசி போட்ட பன்றி, போடாத பன்றி, இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

முதலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு நிதானமாக யோசித்தேன். சுத்தம் கூடக் கூட ஒரு விளைவு மறைகிறது என்றால் அந்த விளைவே அசுத்தத்தால் வந்ததுதானே? ரங்கூனில் நாம் கண்டது நிஜமில்லை அக்கா. சரியாகக் கழுவாத தட்டில் குப்பை இருந்தது. அந்தக் குப்பையில் கிருமி ஏதோ காரணத்தால் செத்தது. நாம் அதை எதிர்ப்புச் சக்தி என்று நினைத்துவிட்டோம்.

இதையே டெல்லியில் சொல்லலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு பழைய தவறைத் திருத்துவதும் விஞ்ஞானத்தில் பெரிய காரியம்தான். டைரக்டருக்கும் இந்தக் கோணம் பிடித்திருக்கிறது. பதவி விஷயம் இதனால் கெடாது, இன்னும் பலப்படும் என்கிறார். ரங்கூனில் தட்டு தயாரித்தது ஓர் உதவியாளர் என்றும், அங்கிருந்த வசதிக்குறைவில் கவனம் பிசகியது இயல்புதான் என்றும் சொல்வேன். உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கம் கெட்டிக்காரியாகிவிட்டாள். இரவில் அம்மாவுக்காகச் செபித்துவிட்டுத்தான் படுக்கிறாள். ‘மரித்த விசுவாசிகள்’ செபம் முழுதும் தமிழிலேயே சொல்கிறாள். உங்கள் தனக்கா வரிகளைப் படித்த அன்று அவளுக்கு ஒரே குதூகலம். கீழே எழுதியிருக்கிறாள்.

அன்புள்ள,
அமிர்தநாதன்


ரங்கூன்,
20 செப்டம்பர் 1965

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் பிரித்து ஒட்டப்பட்டு வந்து சேர்ந்தது. தபாலில் எல்லாக் கடிதத்தையும் இப்போது படித்துப் பார்க்கிறார்கள். நம் கடிதத்தில் அவர்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது, பன்றி விவகாரம்தானே.

நீங்கள் முடிவு செய்தது சரி. தயங்காமல் சொல்லுங்கள். உதவியாளர் என்று சொல்வதிலும் எனக்கு வருத்தமில்லை. நானும் உங்களைப்போல் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவள் என்பது டெல்லிக்காரர்களுக்கு எதற்கு? மேடையில் யாராவது எழுந்து, கழுவிய நீரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கொட்டிவிட்டேன் என்று தைரியமாகச் சொல்லுங்கள். கொட்ட வேண்டியதைக் கொட்டத்தானே வேண்டும்.

நம் ஆய்வுக்கூடத்திலிருந்து டாக்டர் ஊ தெய்ன் மவுங் மாநாட்டுக்கு வருகிறார். நீங்கள் போன பிறகு சேர்ந்தவர், நல்ல மனிதர். சந்தித்தால் என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

இதோடு தங்கத்துக்கு ஒரு தனித்தாள் மடித்து வைத்திருக்கிறேன். கிறிஸ்மஸுக்கு என் வாழ்த்து. அன்றைக்குத்தான் கொடுக்க வேண்டும், முன்னால் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கையாலேயே கொடுங்கள். பிள்ளைக்கு அது ஒரு சந்தோஷம்.

என்றும் அன்புள்ள,
மக்தலேனா


ரங்கூன்,
அதே நாள்
அனுப்புவதற்கு அல்ல

அமிர்தநாதா,

இராத்திரி அம்மாவுக்காகச் செபிக்கிறாளாம். நீ அந்த வரிக்குக் கீழே விட்ட இடத்தில் உன் மகள் என்ன எழுதினாள் தெரியுமா? “பெரியம்மா, அப்பா கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்கிறார். நான் சின்ன இடத்திலேயே படுப்பேன், அமே என் பக்கத்தில் படுக்கலாம் என்று கப்பல்காரரிடம் சொல்லுங்கள்.”

படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தேன். உன்னைக் கொன்றால் என்ன என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது, எழுத்துக்காகச் சொல்லவில்லை.

ஊ தெய்ன் மவுங்கின் பெட்டியில் என் படங்கள் போகின்றன. பெரியது தனியாக, சின்னது தனியாக, இரண்டும் சேர்ந்து. நீ பேசி முடித்ததும் அவர் எழுந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்பார். அப்புறம் படத்தைக் காட்டுவார். என் பெயரையும் சொல்வார்.

அது போதாது எனக்கு. மடித்து வைத்த தாளில் இதை எழுதியிருக்கிறேன். “தங்கம், உன் அமே போன வருஷம் ஆகஸ்ட் மாதமே இறந்துவிட்டாள். நான் அன்றைக்கே உன் அப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன். அவருக்குத் தெரியும். கப்பல் வராது. சாகும்வரை அமே உன்னைத்தான் கேட்டாள்.” இதை நீ உன் கையாலேயே, சிரித்துக்கொண்டே, கிறிஸ்மஸ் அன்று கொடுப்பாய். உனக்கு வட்டம் வட்டமாகத் தெரியும்.

எழுதி முடித்தபின் ஒரு தடவை தாளைக் கிழிக்கப் போனேன். போன மாதம் தட்டில் இன்னொன்று பார்த்தேன். சின்ன அணுவுக்கு ஒரே ஒரு பகையாளியின் முகம்தான் ஞாபகம். காசக் கிருமிக்குப் பழகியது காசக் கிருமியைக் கண்டால்தான் கிளம்பும். ஆனால் அது போய்ப் பெரிய அணுவை உசுப்பிவிட்டால், அந்தப் பெரியதற்குக் கண் மண் தெரிவதில்லை. காசக் கிருமியோடு வேறொரு கிருமியையும் தட்டில் விட்டேன். ஒரு பாவமும் செய்யாத அதையும் சேர்த்துத் தின்று தீர்த்தது. ஞாபகம் வைத்திருப்பது ஒருவர், அடிப்பது இன்னொருவர், அடிபடுவது யாராகவும் இருக்கலாம்.

அதைப் பார்த்தவள்தான் இந்தத் தாளையும் எழுதினேன். தெரியாமல் செய்தேன் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. பிள்ளைக்கு உண்மை தெரிய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதற்கு ஏப்ரலிலேயே எழுதியிருக்கலாம். உன் கையால் கொடுக்க வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கிழிக்கவில்லை. உறையை ஒட்டிவிட்டேன்.


சென்னை,
2 ஜனவரி 1966

மக்தலேனா அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை.

டெல்லியில் நடந்தது உங்களுக்கு இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். நான் பேசி முடித்தேன். கை தட்டினார்கள். உங்கள் ஊ தெய்ன் மவுங் எழுந்து மிகவும் பணிவாகக் கேட்டார். “டாக்டர், கழுவிய நீரை என்ன செய்தீர்கள்?” கொட்டிவிட்டேன் என்றேன். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே, தைரியமாக. அவர் விளக்கை அணைக்கச் சொல்லிப் படங்களைப் போட்டார். இரண்டும் சேர்ந்திருந்த தட்டு வந்ததும் அரங்கில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. இங்கே பியூன்கூட என்னைப் பார்த்தால், “சார், தண்ணி கொட்டட்டுமா?” என்கிறான்.

சாமர்த்தியமாகச் செய்தீர்கள். அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை.

கிறிஸ்மஸ் அன்று பூசை முடிந்து வந்ததும் உங்கள் தாளை எடுத்துக் கொடுத்தேன். டெல்லியில் உங்களால் பட்டது பட்டாயிற்று, பிள்ளைக்கு வந்ததை நான் ஏன் தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். தங்கம் புதுக் கவுன் போட்டிருந்தாள். நின்றபடியே படித்தாள். வெகுநேரம் படித்தாள். “பெரியம்மா என்ன எழுதியிருக்காங்க? எனக்கும் சொல்லும்மா” என்றேன். அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் தேடித் தேடிச் சொன்னாள். “அமே... போன வருஷம் ஆகஸ்ட்டு மாசம்... செத்துப்போச்சு. பெரியம்மா அப்பாவுக்கு...” அங்கே நின்றுவிட்டாள். அந்த வார்த்தைக்குத் தமிழ் அவளுக்குத் தெரியவில்லை. “ச்சேனான்னா தமிழ்ல என்னாப்பா?” என்று கேட்டாள்.

அந்தப் பர்மிய வார்த்தை எனக்குத் தெரியும் அக்கா. எழுத்துத்தான் தெரியாது. “தந்தி” என்று சொன்னேன். நானே எடுத்துக் கொடுத்தேன். “அப்பாவுக்குத் தந்தி குடுத்தேன். அவருக்குத் தெரியும்” என்று வாக்கியத்தை முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

துறைமுகத்தில் அந்த டாக்டர் என் காதோடு இன்னொன்றும் சொன்னார். நீங்கள் அப்போது பின்னால் சாமான்களோடு நின்றீர்கள். “தகராறு பண்ணினா பிள்ளையையும் சோதிக்கணும், ரெண்டு பேரையும் நிறுத்திடுவேன்” என்றார். என் கையில் பிள்ளை இருந்தது. ஏறினேன். திரும்பிப் பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று தெரியும், அதனால் பார்க்கவில்லை. இதை நியாயம் என்று உங்களிடம் விற்க வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் எந்த நாளில் அதைச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே போய்விட்டது.

உங்களுக்கு என்மேல் இருந்த கோபத்துக்கு டெல்லி போதாதா? அதற்கு மேலும் வேண்டுமென்றால் எனக்கு நேராகவே எழுதியிருக்கலாம், தமிழில். அவளை ஏன் நடுவில் நிறுத்தினீர்கள்?

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். நேற்று நான் இதை எழுத உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து நின்றாள். இடம் விட வேண்டும் என்று கையால் காட்டினாள். விட்டிருக்கிறேன். அவள் எழுதியதை இந்த முறை நானும் படித்தேன்.

அமிர்தநாதன்


பெரியம்மா,

அப்பாவும் படிக்கணும். அதனால் தமிழில் எழுதுறேன். தப்பு இருக்கும்.

அமே செத்தது உங்களுக்கு அப்பவே தெரியும். நீங்கதான் பக்கத்தில் இருந்தீங்க. ஆனால் நான் முதல் கடிதம் எழுதினப்போ நீங்க என்ன எழுதினீங்க? கட்டையைப் பத்திரமா வை, கல் இங்கே பத்திரமா இருக்கு, ரெண்டும் ஒருநாள் சேரும் என்று எழுதினீங்க. அந்தத் தாளை நான் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன்.

அப்பா பொய் சொன்னார். நீங்களும் சொன்னீங்க.

கட்டையைத் தெருவில் இருந்த ஒரு கல்லில் வைத்து நானே அரைத்துப் பூசிக்கிட்டேன். உங்ககிட்ட இருக்கிற அமே கல் எனக்கு வேண்டாம்.

தங்கம்மாள்